பெர்த்தாவுக்குப் போட்ட மீன்

ரிவர்ட்டன், மானிடோபா
14 ஜூலை 1996

பால்டி,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்தாயா? மறந்துபோய் விட்டதல்ல.

நீ போய் ஒரு வாரமாகிறது. மீன் கொட்டகையிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். உன் பூட்ஸ் இல்லை, பை இல்லை, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் மட்டும் இருந்தது. சர்ச்சில் துறைமுகத்தில் தானியக் கப்பல் வேலை கிடைத்ததாம், அக்டோபர் கடைசியில் வருவாயாம். கூடப் பிறந்தவளுக்கு இரண்டே வரி. அதற்குக் கீழே பாம்புகளுக்கு ஒன்றரைப் பக்கம்! தண்ணீர்க் கிண்ணத்தை எப்போது மாற்றுவது, விளக்கு எந்த மூலையில் எரிவது, காகிதம் எத்தனை மடிப்பு விரிப்பது எல்லாம் இருந்தது. அக்கா ராத்திரி என்ன சாப்பிடுவாள் என்று மட்டும் இல்லை.

சரி, கத்தினது நான்தான். "நெட்டி போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அவ பாம்புகிட்டதான் பேசுற, என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது, இதுங்களைக் கொண்டுபோய் வாய்க்கால்ல விட்டுட்டு வரேன் பாரு"ன்னு சொன்னேன். காலையில் காபி குடிக்கும் முன்னால் நான் சொல்வதையெல்லாம் பிடித்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவார்களா? பெண்டாட்டி செத்துப்போன பிறகு ஒரு பெட்டித் துணியும் விஷமில்லாத மூன்று பாம்புமாக இந்த வீட்டு வாசலில் வந்து நின்றாய். ஏன் என்று கேட்டேனா? கண்ணாடித் தொட்டியை வைக்க என் தையல் மெஷினை நகர்த்திக் கொடுத்தேன்.

வாய்க்காலில் விடவில்லை. மூன்றும் இருக்கின்றன. அப்பாவின் நீள இடுக்கியால் கதவுக்கு வெளியே நின்றபடி தீனி போடுகிறேன். அந்தப் பெரியவள் பெர்த்தா நாக்கை நீட்டி நீட்டி என்னையே பார்க்கிறாள். தபால் ஆபீஸ் பெர்த்தா ஸ்டாம்பு நக்குகிற மாதிரியே இருக்கிறது என்று நெட்டி பேர் வைத்தாளே, அது சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு வாங்கும்போது நான் எப்படிச் சிரிக்காமல் நிற்பேன்?

இன்னொன்று. வாரம் இரண்டு தடவை பிக்கெரல், முள்ளோடு நறுக்கி, "பிக்கெரல் மட்டும்" என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். பிக்கெரல் விற்கிற மீன்டா. அப்பா இருந்தவரை நாமே அதை ஞாயிற்றுக்கிழமைதான் தின்றோம். அவர் விற்காமல் வைத்தது கன்னச் சதை ஒன்றுதான், அதுவும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால். பாம்புக்குப் பிக்கெரல் என்று கொட்டகையில் சொன்னால் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

ஹல்டோரா


சர்ச்சில்
23 ஜூலை

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாய்க்காலில் விடாததற்கு நன்றி.

நான் ஓடவில்லை. வேலை வந்தது, போனேன். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை, அதனால்தான் எழுதி ஒட்டினேன்.

இங்கே எட்டுப் பேர் ஒரு கொட்டடியில் படுக்கிறோம். ஒரே ஒரு போன், அதற்கு வரிசை. கோதுமைத் தூசு காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தெருவில் கரடி வந்தால் சங்கு ஊதுகிறார்கள்.

தாளில் விட்டுப்போனவை:

தொட்டி மூடியின் மேல் இரண்டு கல் போதாது, நான்கு மூலையிலும் வை. விரல் நுழையாத சந்தில் சின்னப் பாம்பு உப்பு நுழைவான். மிளகு அவன் பின்னாலேயே போவான்.

விளக்கு ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். சூடு வேண்டுமென்றால் அவர்களே நகர்ந்துகொள்வார்கள்.

கண் பால் மாதிரி வெளுத்தால் பயப்படாதே, தோல் உரிக்கப்போகிறார்கள். அப்போது தொடாதே, சாப்பிடவும் மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்புழு. தோட்டத்துப் பெரிய புழு. எருக்குழியில் இருக்கும் சிவப்புப் புழு வேண்டாம், அது ஒத்துக்கொள்ளாது.

மீன் பிக்கெரல் மட்டும்தான். ஏன் என்று கேட்காதே. செய்.

பெர்த்தா நன்றாக இருக்கிறாளா?

பால்டர்


ரிவர்ட்டன்
4 ஆகஸ்ட்

பால்டிக்கு,

"கேட்காதே, செய்" என்று எழுதியிருக்கிறாய். நீ டயப்பரில் இருந்தபோது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். இந்த அதட்டல் எல்லாம் அந்தக் கரடிகளிடம் வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை சர்ச் பெண்கள் காபிக்கு வந்தார்கள். ப்ளம் அடுக்குக் கேக்கை அறுத்து எல்லோர் தட்டிலும் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாதிரியார் மனைவி கேக்கை வாயருகே வைத்தபடி, "ஹல்டோரா, உங்க வீட்டுத் திரைச்சீலை நெளியுதே"ன்னாங்க. திரும்பிப் பார்த்தால் மிளகு! திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தான். மூன்று பேர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, போய்க் கையால் பிடித்துவிட்டேன். பிடித்ததும் அந்தத் திருட்டுப்பயல் என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை முழுக்க நாற்றத்தை விட்டானே! மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அன்றைக்குக் கேக் அப்படியே மிஞ்சிவிட்டது. எல்லாவற்றையும் நானே தின்றேன்.

உப்பு கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அப்பாவின் பழைய ரப்பர் பூட்ஸுக்குள் சுருண்டு கிடந்தான். இப்போது நான்கு மூலையிலும் கல், நடுவில் பைபிள் அகராதி. இனி ஒருத்தனும் வெளியே போக முடியாது.

ஒன்று சொல்லட்டுமா? கையால் பிடித்த பிறகு பயம் போய்விட்டது. சில்லென்று இருக்கும், வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த பட்டு நாடா மாதிரி இருக்கிறதுடா. இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், பெர்த்தாவுக்கு விரலால்தான் கொடுக்கிறேன். முதல் நாள் என் கட்டைவிரலையும் மீன் என்று நினைத்துக் கவ்வினாள், பிறகு தப்பு செய்ததுபோல் விட்டுவிட்டாள். நல்ல பெண்தான்.

மழையே இல்லை. தோட்டம் ஓடு மாதிரி காய்ந்து கிடக்கிறது, புழு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தீனிக்கு நீ கவலைப்படாதே, வேளைக்கு வேளை நடக்கிறது. பனிக்காலத் தூண்டிலுக்கென்று நீ வாங்கி ஃப்ரீசரை அடைத்து வைத்திருந்த பொடிமீன் பைகள் பதினொன்றில் இப்போது ஏழுதான் மிச்சம். ஒரு வழியாக என் சஸ்கட்டூன் பெர்ரிக்கு இடம் கிடைத்தது.

அக்கா


சர்ச்சில்
15 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

திரைச்சீலைக் கதையைக் கொட்டடியில் சத்தமாகப் படித்தேன். கப்பல் கயிறு கட்டும் ஆள் ஒருவன் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான். "உங்க அக்காவைக் கூட்டிட்டு வாப்பா, கரடி பிடிக்க ஆள் வேணும்"கிறான்.

நீ கையால் தீனி கொடுக்கிறாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். நெட்டியும் விரலால்தான் கொடுப்பாள்.

பெர்த்தா எப்படி வந்தாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நார்சிஸ் பக்கம், மே மாதம். பாம்புகள் குளிர்காலக் குழியிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏறி வருகிற சமயம். நெடுஞ்சாலையில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். நெட்டி, "நிறுத்து, நிறுத்து!"ன்னு கத்தினாள். நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து குதித்துவிட்டாள். முன்னால் போன வண்டி பெர்த்தாவின் வாலை நசுக்கியிருந்தது. தன் ஸ்கார்ஃபில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வால் நுனி போனது, உயிர் நின்றது. "இவ எனக்கு அப்புறமும் இருப்பா பாரு"ன்னு அன்றைக்குச் சொன்னாள். அப்போது அவளுக்கு நோய் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் அக்கா. நான் பாம்போடு பேசவில்லை. அவளோடு பேசினேன். உன்னோடு பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளைத் திமிங்கிலங்கள் வந்திருக்கின்றன. உனக்குப் பிடிக்கும்.

பால்டி


ரிவர்ட்டன்
2 செப்டம்பர்

அன்புள்ள பால்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

இங்கே எல்லோரும் நலம். குளிர ஆரம்பித்துவிட்டது. கொட்டகையில் இலையுதிர்கால மீன்பிடிப்புக்கு வலை சரிபார்க்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி உள்ளாடை போட்டுக்கொள்.

ஹல்டோரா


சர்ச்சில்
10 செப்டம்பர்

அக்கா,

எட்டு வரி. மளிகைக் கடைக்கு எழுதும் பட்டியலிலேயே நீ அதைவிட அதிகம் எழுதுவாய். "உருளைக்கிழங்கு" என்பதற்குப் பக்கத்தில் "போன வாரம் மாதிரி அழுகினது வேணாம், அவன்கிட்டச் சொல்லு" என்று சேர்ப்பாய்.

பெர்த்தா பேரே இல்லை. கம்பளி உள்ளாடை மட்டும் இருக்கிறது.

இரண்டு தடவை வரிசையில் நின்று போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. உனக்கு என்னவோ ஆகிவிட்டதோ என்று தபால் ஆபீஸுக்குப் போன் போட்டேன். "இப்பதான் வந்து ஒரு கவர் வாங்கிட்டுப் போறா, நல்லாத்தான் இருக்கா, மூஞ்சிதான் சரியில்லை"ன்னு தபால் பெர்த்தா சொன்னாள்.

என் மேல் கோபம் என்றால் திட்டி எழுது. வேறு ஏதாவது என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே, இங்கே ராத்திரி ஷிப்டில் யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

பால்டி


ரிவர்ட்டன்
16 செப்டம்பர்

பால்டி,

போன் அடித்தது நீதான் என்று தெரியும். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எடுத்தால் பொய் சொல்லிவிடுவேன் என்று எடுக்கவில்லை.

உட்கார்ந்து படி. பெர்த்தாவின் உடம்பை நான் கெடுத்துவிட்டேன்.

பிக்கெரல் போடவில்லைடா. ஒரு நாள்கூடப் போடவில்லை. நீ போன முதல் வாரத்திலிருந்து உன் தூண்டில் பொடிமீன்தான். பாம்புக்கு என்ன தெரியப்போகிறது, மீன் மீன்தானே, நல்ல பிக்கெரலை நறுக்கிப் போட என் கைக்கு மனசு வரவில்லை. முப்பத்திநான்கு வருஷம் அந்த மீனை முள் தங்காமல் அறுத்துக் கொடுத்த கை இது. நீ ஏன் என்று கேட்காதே என்று எழுதினாய், எனக்கு வீம்பு. இவன் என்ன எனக்கு உத்தரவு போடுவது என்று பை மேல் பை பிரித்தேன். அவளும் ஆசையாகத் தின்றாள். நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவள் தலையைத் தூக்கி மோட்டுவளையைப் பார்க்க ஆரம்பித்தாள். என்ன அழகாகப் பார்க்கிறாள் என்று நான் சிரித்தேன், பாவி. பிறகு மீனைக் காட்டினால் பக்கத்துக் காற்றைக் கவ்வினாள். பிறகு உடம்பைத் திருகிக்கொண்டு மல்லாந்தாள். திருப்பி விட்டால் மறுபடியும் மல்லாந்தாள். அந்த எட்டு வரியை எழுதியது அன்றைக்குத்தான்.

தலையணை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆர்போர்க் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு மாடு, ஒரு செம்மறி ஆடு. வாசில் என்கிற மாட்டு டாக்டர் வெளியே வந்து, "உங்க பசு எங்க?"ன்னார்.

"பசு இல்ல டாக்டர்"ன்னு உறையைப் பிரிச்சுக் காட்டினேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். "அடடா, வானத்தைப் பாக்குதே. போன மாசம் நாலு கன்னுக்குட்டி இதே மாதிரி கழுத்தை வளைச்சுக்கிட்டு நின்னுச்சு. என்ன போடுறீங்க?"

"மீன்."

"என்ன மீன்?"

"பொடிமீன். தூண்டில்ல குத்துறது."

"பச்சையாவா? அது மட்டுமேவா?" என்று கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அப்பா காலத்தில் இங்கே எல்லோரும் தோலுக்காக நரிப் பண்ணை வைத்திருந்தார்களே, அந்த நரிகளும் பச்சை மீன் தின்று இப்படித்தான் கழுத்து திருகிச் செத்தனவாம். "சில மீனுக்குள்ள ஒண்ணு இருக்கும்மா. அது உடம்புல இருக்கிற வைட்டமினை அழிச்சிடும். நரம்பு போயிடும். பிக்கெரல்ல அது கிடையாது. மீன்காரர் வீட்டுல பிக்கெரலுக்கா பஞ்சம்? அதைப் போட்டிருக்கலாமே!"

போட்டிருக்கலாம்! நீ அடிக்கோடு போட்டு எழுதியும் நான் போடவில்லை.

கன்றுக்குட்டிக்குப் போடுகிற அதே ஊசி மருந்துதான், கொசு குடிக்கிற அளவு. நான் பிடித்துக்கொண்டேன், அவர் போட்டார், மீனில் விடச் சொட்டு மருந்தும் கொடுத்தார். "ஆறு வாரத்துக்குள்ள நிமிர்ந்தா பொழச்சுக்கும். இல்லேன்னா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டார். சின்னவன்கள் இருவருக்கும் லேசாகத்தான், அவர்கள் தேறிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? கொட்டகைக்குப் போய் பிக்கெரல் கன்னம் வாங்கிவந்தேன். கடைசி மூன்று மாதம் நெட்டி வேறு எதையும் தொடவில்லை, நான் வெண்ணெயில் வதக்கிக் கொடுக்கிற கன்னத்தை மட்டும் இரண்டு வாய் தின்பாள், நினைவிருக்கிறதா? அதைப் பச்சையாக, நகக்கண் அளவு நறுக்கி, மருந்துச் சொட்டு விட்டுப் பெர்த்தாவின் வாயருகே வைத்தேன். மூன்று தடவை குறி தப்பினாள். நான்காவது தடவை வாங்கிக்கொண்டாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நெட்டி விட்டுப்போனது இது ஒன்றுதான். அதையும் என் வீம்புக்கு விலையாகக் கொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறதுடா. என்ன வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


சர்ச்சில்
25 செப்டம்பர்

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தடவை திட்டித்தான் எழுதினேன். அதை அனுப்பவில்லை, காரணம் சொல்கிறேன்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "பொடிமீன் பைகள் ஏழுதான் மிச்சம்" என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். நான் படித்திருக்கிறேன். மண்டையில் ஏறவில்லை. திரைச்சீலையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அது இல்லை விஷயம். "ஏன் என்று கேட்காதே" என்று உனக்கு ஏன் எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். எழுத வெட்கமாக இருந்தது.

கல்யாணமான முதல் வருஷம், எழுபத்தொன்பது. நெட்டி வைக்கோல் அறுப்புக்கு அவள் அப்பா பண்ணைக்குப் போய் ஏழு வாரம் இருந்தாள். அப்போது அவளிடம் ஒரே ஒரு பாம்பு, ரிப்பன் என்று பேர், பள்ளிக்கூட நாளிலிருந்து வளர்த்தது. என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நானும் மீன்காரன் வீட்டுப் பிள்ளைதானே அக்கா? பிக்கெரலை யார் பாம்புக்குப் போடுவார்கள்? பொடிமீன் போட்டேன். ரிப்பனும் வானத்தைப் பார்த்தது. நான் டாக்டரிடம்கூடக் கொண்டுபோகவில்லை. ஆறாவது வாரம் செத்துப்போயிற்று. காரணம் என்ன என்று அப்புறம் நூலகத்தில் ஒரு புத்தகத்தில்தான் படித்தேன்.

அவள் வந்து கேட்டபோது, "வயசாயிடுச்சு நெட்டி, தூக்கத்துலயே போயிடுச்சு"ன்னு சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். பதினைந்து வருஷம் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கடைசி வாரம்கூட நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

உன்னிடம் ஒரு வரி, "நான் இப்படி ஒரு பாம்பைக் கொன்றேன், நீ செய்யாதே" என்று எழுதியிருந்தால் நீ பிக்கெரல் போட்டிருப்பாய். நீ வீம்புக்காரி, கொடுமைக்காரி இல்லை. அதனால் பெர்த்தா போனால் அது உன் தலையில் பாதி, என் தலையில் பாதி. பெரிய பாதி என் தலையில்.

அவள் நிமிர்ந்தாளா?

உன் தம்பி


ரிவர்ட்டன்
8 அக்டோபர்

என் பால்டி,

முதலில் செய்தி. நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் சலசலவென்று சத்தம். பெர்த்தா மல்லாந்து கிடந்தாள், மறுபடியுமா என்று எழுந்து ஓடினேன். நான் கை வைப்பதற்குள் அவளே மெதுவாகப் புரண்டாள், வயிற்றைத் தரையில் வைத்தாள், தலையை நேராக வைத்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நிமிர்ந்துவிட்டாள்டா! கத்தின கத்தில் காபிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது, அம்மா வாங்கின நீலக் கோப்பை, போகட்டும்.

தபால் ஆபீஸுக்கு ஓடி, "பெர்த்தா பொழச்சுட்டா!"ன்னு கத்திட்டேன். தபால் பெர்த்தா கண்ணாடியைக் கழற்றிட்டு, "எனக்கு என்ன ஆச்சு ஹல்டோரா?"ன்னா. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நாக்குக் கதை உட்பட. கோபப்படுவாள் என்று பார்த்தால், வந்து பார்க்கலாமா என்று கேட்கிறாள்.

டாக்டர் வாசில் சொல்கிறார், இந்தக் குளிர்காலம் அவளைச் சின்னவன்களோடு நிலவறைக் குளிரில் தூங்க வைக்க வேண்டாமாம், உடம்பு தாங்காதாம். அவன்களுக்கு மட்டும் இலை நிரப்பிய பெட்டி தயார் செய்துவிட்டேன், வயிறு காலியாகட்டும் என்று இரண்டு வாரமாகத் தீனியும் நிறுத்திவிட்டேன். பெர்த்தா மேலே, விளக்கடியில், என்னோடு.

இப்போது உன் விஷயம். ரிப்பன் விஷயம்.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. நெட்டிக்குக் கன்னம் வதக்கிக் கொடுக்கப் போன ஒரு மத்தியானம், நீ வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தாய். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவள் சொன்னாள், "அண்ணி, உங்க தம்பி என்கிட்ட ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கார். கல்யாணமான வருஷம். நான் வந்தப்ப குப்பைத் தொட்டியில பொடிமீன் பை கிடந்துச்சு, எனக்குப் புரிஞ்சுபோச்சு. கேட்டா அழுதுடுவார். அதான் கேக்கவே இல்ல." என்ன பொய் என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டு இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டாள். என்ன பொய் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்குத் தெரியும் பால்டி. முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் பதினைந்து வருஷம் உன்னோடு சிரித்துக்கொண்டு இருந்தாள், பெர்த்தாவையும் உன்னை நம்பித்தான் விட்டுப்போனாள்.

அழு. அங்கேயே அழுதுவிடு, பக்கத்துக் கட்டில்காரன் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு பையைக் கட்டு. இனி என்னிடம் பேசலாம், நான் ஒன்றும் உடைந்துபோக மாட்டேன்.

உன் அக்கா


சமையலறை மேஜை மேல்
27 அக்டோபர், காலை

பால்டி,

நீ மத்தியான பஸ்ஸில் வருவாய், நான் கொட்டகையில் இருப்பேன். இலையுதிர்கால மீன் குவிந்து கிடக்கிறது, விட மாட்டேன் என்கிறார்கள். சாவி அதே பூச்சட்டிக்கு அடியில்.

வந்ததும் கையைக் கழுவிவிட்டுத் தொட்டிக்குப் போ. கல்லும் அகராதியும் இருக்கும், பார்த்து எடு. பெர்த்தாவின் கழுத்து இன்னும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அது அப்படியே இருக்கும் என்கிறார் டாக்டர். எனக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது. உன் குரலைக் கேட்டால் என்ன செய்கிறாள் என்று சாயங்காலம் எனக்குச் சொல்.

ஃப்ரிட்ஜில் இரண்டு பொட்டலம் இருக்கிறது, மாற்றிவிடாதே. சிவப்பு நூல் கட்டியது பெர்த்தாவுக்கு, பிக்கெரல், முள்ளோடு நறுக்கியது. விரலால் கொடு.

வெள்ளை நூல் கட்டியதில் கன்னம், இருபது துண்டு. அது அவளுக்கு இல்லை. அவள் தேறிவிட்டாள். அப்பா சொன்னபடி, இந்த வீட்டில் இன்னும் தேறாதவனுக்குத்தான் அது. சட்டியில் வெண்ணெய் வைத்திருக்கிறேன், வதக்கிச் சாப்பிடு.